பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் தொடங்கச் சொல்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி கேட்ட நீங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர். துணைவேந்தர் கூப்பிட்டு, "நம்மிடமும் ஓர் ஆய்வு மையம் வேண்டும், திட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். எந்த நிறுவனத்திடம் நிதி கேட்கலாம், என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர்தான். ஒரு மையத்தின் இயக்குநராகப் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நிதியும் கருவியும் அப்புறம். முதல் நிதி தீர்ந்த மறுமாதம் மையத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். அதற்கான விடை பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தீர்மானமாக எழுத்தில் வரட்டும். வாய்வார்த்தை போதாது. துணைவேந்தருக்கு மூன்று வருஷம்தான் பதவிக்காலம். அடுத்தவர் வருவதற்குள் இடையில் ஒரு பொறுப்புக் குழு நிர்வாகம் பார்க்கிற நிலையும் வரலாம். அந்த நேரத்தில் "முந்தைய துணைவேந்தர் சொன்னார்" என்று ஃபைலை நகர்த்த முடியாது.

இதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 1950களின் தொடக்கத்தில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தன் பணத்தில் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதவியலாளர் ஹார்டியிடம் படித்த டி.விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். ஆள் தேர்வில் குறை சொல்லவே முடியாது. 1955இல் விஜயராகவன் காலமானார். சி.டி.ராஜகோபால் பொறுப்பேற்றார். அடுத்த சில மாதங்களிலேயே பணத் தட்டுப்பாடு முற்றி, நிறுவனத்தை மூடிவிடுவார்களோ என்ற நிலை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. கடைசியில் 1957இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. 1967இல் கணிதத் துறையோடு இணைந்து உயராய்வு மையமாக ஆனது. சேப்பாக்கத்தில் இன்றும் நடக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. நல்ல கணிதவியலாளர்களும் பெரிய வள்ளலும் இருந்தும் ஆட்டம் கண்ட ஒரு நிறுவனம், பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியிடங்களோடு சேர்ந்த பிறகுதான் நிலைத்தது. நம் எல்லோருக்கும் பிரதமருக்கு எழுத ஒரு சந்திரசேகர் கிடைக்க மாட்டார்.

அதனால் திட்ட அறிக்கையில் பணியிடங்கள் பற்றிய பக்கத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுங்கள். இரண்டு நிரந்தர ஆசிரியப் பணியிடமாவது மையத்தின் பெயரில் இருக்க வேண்டும். கூடவே ஒரு நிரந்தர டெக்னீஷியன். இந்த டெக்னீஷியன் விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு. புராஜெக்ட் ஆட்களை வைத்து ஓட்டிவிடலாம் என்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. அந்த மாணவர் வந்திருப்பது முனைவர் பட்டத்துக்கு. கருவி ஓட்டக் கற்றுக்கொண்டு கைதேர்ந்த சமயத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கிளம்பத்தான் வேண்டும், அது அவருடைய வாழ்க்கை.

மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்.எம்.ஆர். கருவி ஒன்றை நாங்கள் வைத்திருந்தோம். அதன் காந்தம் மீக்கடத்தி வகை, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது. உள்ளே கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும், அதாவது மைனஸ் 269 டிகிரி. அதைச் சுற்றி வெளியே திரவ நைட்ரஜன். கருவியை யாரும் தொடாவிட்டாலும் இரண்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நைட்ரஜனை வாரா வாரம் ஊற்ற வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. தீபாவளி, பொங்கல், தேர்தல் விடுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. ஹீலியம் மட்டம் குறைந்து காந்தம் சூடேறினால் மொத்த ஹீலியமும் ஒரே மூச்சில் கொதித்து வெளியேறிவிடும். காந்தத்துக்குத் திரும்ப மின்னோட்டம் ஏற்றக் கம்பெனி ஆள் வர வேண்டும், அதற்குத் தனிச் செலவு. நம் நாட்டுக்கு ஹீலியம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதிதான் என்பதால் விலையும் நம் கையில் இல்லை.

கருவி வாங்க நிதி தந்தவர்கள் இந்த ஊற்று வேலைக்குக் காலம் முழுக்கத் தர மாட்டார்கள். வாரன்டி முடிந்ததும் ஏ.எம்.சி.க்கும் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பல்கலைக்கழகம்தான் கட்ட வேண்டும். அந்த ஃபைல் நிதி அலுவலரின் மேசையில், "நடப்பு ஆண்டு பட்ஜெட்டில் இந்தத் தலைப்பு இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வரும். அவர்மேல் தப்பில்லை. தலைப்பு நிஜமாகவே இருக்காது. ஆகவே கருவிக்கான கொட்டேஷன் வாங்கும்போதே ஐந்து வருஷ ஏ.எம்.சி. விலையையும் சேர்த்து வாங்குங்கள். பல்கலைக்கழக பட்ஜெட்டில் மையத்துக்கென்று ஒரு தலைப்பை அப்போதே திறக்கச் சொல்லுங்கள். அறைக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு, எர்த்திங், யு.பி.எஸ்., ஏ.சி. எல்லாம் தயாரான பிறகே கருவியை இறக்குங்கள். பெட்டி பிரிக்காமலே வாரன்டி தீர்ந்த கருவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வருமானத்துக்கு ஒரு வழி உண்டு. புராஜெக்டுகளில் நிறுவனத்தின் பொதுச் செலவுக்கென்று வரும் ஓவர்ஹெட் தொகை பெரும்பாலான இடங்களில் பொதுக் கணக்கில் கரைந்துவிடும். அதில் ஒரு பங்கு மையத்தின் மூலநிதிக்கு வர வேண்டும் என்று தீர்மானத்திலேயே கேளுங்கள், பாதியாவது. வெளியாட்களுக்குச் சோதனை செய்து கொடுத்தால் கட்டணம் வாங்கலாம். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதை ரசீது போடும் ஊழியருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்த விலக்கு, பல்கலைக்கழகங்கள் மானியத்தில் செய்யும் ஆராய்ச்சிக்குத்தான். கட்டணச் சோதனையை அதோடு சேர்த்துக் குழப்பினால் பிறகு நோட்டீஸ் வரும்.

கணக்கைப் பொறுத்தவரை சுருக்கமாக: மார்ச் முடிந்ததும் யூ.சி. (நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ்) போக வேண்டும், செலவாகாத பணமும் வட்டியும் திருப்பிக் கட்ட வேண்டும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதியாமல் ஒரு குடுவைகூட உள்ளே வரக் கூடாது. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஒரு அப்ஜெக்ஷன் விழுந்தால் அதை நீக்கப் பல வருஷம் ஆகலாம். ஓய்வு பெறும்போது அது உங்கள் பணப்பலனில் வந்து நிற்கும்.

அடுத்தது துறைகளோடு உள்ள உறவு. புது மையம் என்றாலே இருக்கும் துறைகளுக்குச் சங்கடம், இடமும் ஆளும் பறிபோகும் என்று. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கருவி நேரத்தை எப்படிப் பகிர்வது என்ற விதியைத் துறைத்தலைவர்களை உட்கார வைத்துச் சேர்ந்தே எழுதுங்கள். இயக்குநரின் ஸ்காலருக்கும் வேறு துறை மாணவருக்கும் ஒரே வரிசை, ஒரே முன்பதிவுப் பதிவேடு, அதுவும் எல்லோர் கண்ணிலும் படும்படி. இயக்குநருக்கு வேண்டியவர்கள் இரவில் கருவி ஓட்டுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் மற்ற துறைகள் ஒதுங்கிவிடும். அதன்பின் அது ஒருவருடைய சொந்த லேப்தான்.

இயக்குநர் யார் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இயற்பியல் துறைக்கு அப்போதைய துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் முதலில் அழைத்தது சி.வி.ராமனை. ராமன் தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952இல் சேரும்போது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை ஒட்டித்தான். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இலேயே அதன் முச்சுருள் வடிவத்தை முன்வைத்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும், இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று படிக்கிற படத்துக்கு அடிப்படையான கட்டுரை வந்தது. இளையவரை நம்பி, கருவி கொடுத்து, குறுக்கே நிற்காமல் இருந்தார் முதலியார். 27 வருஷம் துணைவேந்தர் நாற்காலியில் இருந்தவர் என்பதால் அந்த ஆதரவு இடையில் அறுபடவில்லை. 1969இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஓரிரு வருஷங்களில் ராமச்சந்திரனும் பெங்களூருக்குப் போய் இந்திய அறிவியல் கழகத்தில் புதிய பிரிவைத் தொடங்கினார். ஆனாலும் கிண்டியில் வேலை நிற்கவில்லை. அவரிடம் பயின்றவர்கள் ஆசிரியப் பணியிடங்களில் இருந்தார்கள், படிகவியல் உயிர் இயற்பியல் துறை தொடர்ந்தது.

உங்கள் மையத்துக்கும் அந்த ஏற்பாடு விதியில் இருக்கட்டும். இயக்குநர் பதவி ஐந்து வருஷம், ஒருமுறை மட்டும் நீட்டிப்பு, கடைசி வருஷத்தில் அடுத்தவர் இணை இயக்குநராகக் கூடவே இருக்க வேண்டும். கையெழுத்து அதிகாரத்தில் ஒரு பகுதி அப்போதே அவருக்குப் போகட்டும். அப்போதுதான் பழைய பில்கள் எங்கே, கம்பெனி ஆள் யார், எந்த ஸ்காலருக்கு எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் அவர் கைக்கு வரும்.

மூடும் விதியையும் சேர்த்துவிடுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வெளியாட்கள் மூன்று பேர் கொண்ட குழு பார்க்கும். இரண்டு முறை தொடர்ந்து பாதகமாகச் சொன்னால் மையம் கலையும். ஊழியர்கள் எந்தத் துறைக்கு, கருவிகள் எந்த ரிஜிஸ்டருக்கு, பதிவு செய்த மாணவர்களுக்கு யார் நெறியாளர் என்று இப்போதே எழுதிவிடுங்கள். இந்தப் பத்தியைப் பார்த்தால் துணைவேந்தர் முகம் சுளிக்கலாம். நிதி அலுவலருக்குப் பிடிக்கும், ஆட்சிக்குழுவில் உங்களுக்காகப் பேசப்போவது அவர்தான். வரைவு தயாரானதும் கருத்துப் பெட்டியில் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.