வெளிநாட்டில் வேலை பார்த்த ஊரில் உள்ளூர்க்காரர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள்?

நான் வேலைக்குப் போனது இலங்கையில் திருகோணமலைக்கு. அங்கேயும் தமிழ்தானே, அதெல்லாம் ஒரு வெளிநாடா என்று எங்கள் ஊர் மன்னார்குடியில் கேலி செய்தார்கள். விசா வேண்டும், நாணயமும் வேறு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா என்று விடுமுறை விட்டுக் கறிக்கடையையும் மூடிவிடுவார்கள். வெளிநாடுதான்.

எப்படி நடத்தினார்கள் என்றால் 2022ஆம் வருஷத்தைத்தான் சொல்ல வேண்டும். இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் நாடே தள்ளாடிய நேரம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. பெட்ரோலுக்கு வரிசை, கேஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மா என்கிற பால் பவுடர் கண்ணிலேயே படவில்லை. நான் உப்புவெளியில் ஒரு வீட்டின் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். என் சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கே வீட்டுக்கார அம்மா, "தம்பி, தனி ஆளுக்கு என்னத்துக்கு அடுப்பு? இங்க சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டார். பின்வளவில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு. இரவில் பெரும்பாலும் புட்டு, சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு, சம்பல். சூடை மீன் மலிவாகக் கிடைத்தால் அதில் பொரியல். மாசக் கடைசியில் காசு கொடுக்கப் போனேன், முகம் மாறிவிட்டது. "அப்படியெண்டா விறகைக் கொத்தித் தாங்கோ" என்றார். கொத்தினேன்.

யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்கிற ஊர் அது. பால்மா இல்லாத மாசங்களில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் வரும். "பால் இல்லை, தம்பி" என்று ஒவ்வொரு வீட்டிலும் சங்கடப்படுவார்கள். எனக்கு அந்தப் பிளேன்டீதான் பிடித்திருந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள்.

அலுவலகத்தில் கூட இருந்த முஸ்லிம் நண்பர் நோன்பு மாசத்தில் பள்ளிவாசல் கஞ்சி கொண்டுவருவார், பெருநாளுக்கு வட்டிலப்பம். வெசாக் என்கிற பௌத்தப் பண்டிகைச் சமயத்தில் தன்சல் என்று சிங்களவர்கள் தெருவோரம் பந்தல் போட்டு, போகிற வண்டியை மறித்துச் சாப்பாடு போடுவார்கள். யார், எந்த மதம் என்றெல்லாம் கேட்பதில்லை. தேநீர்க் கடைகளிலும் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும் ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் ஒரு தட்டில் குவித்து வைத்துவிடுவார்கள், தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதை ரொம்ப யோசிக்காமல் சாப்பிடுவது உத்தமம்.

சரி, இதெல்லாம் விருந்தாளிக்குச் செய்வது. விருந்தாளி மரியாதை எனக்கு ஒரு செத்த வீட்டோடு போனது. எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், ஒரு பெரியவர் தவறிவிட்டார், எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர். வீட்டுக்கார ஐயா வாசலில் வந்து நின்று, "வாங்கோ, போவம்" என்றார். தெரியாதவர் வீட்டுக்கு எப்படி என்று தயங்கியபடியே போனேன். போன பத்து நிமிஷத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கு என்று ஒருவர் ஏவினார், இன்னொருவர் தேத்தண்ணித் தட்டைக் கையில் கொடுத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு என்னை யாரும் அழைக்கவே இல்லை. "காலமை வெள்ளன வந்து வாழையிலை வெட்டுங்கோ" என்றுதான் சொன்னார்கள். அப்புறம் அந்த ஒழுங்கையில் என்னை யாரும் ‘இந்தியாத் தம்பி’ என்று கூப்பிடவில்லை.

இதற்கு விலையும் உண்டு. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் யாரிடம் அவ்வளவு நேரம் கதைத்தேன், எல்லாம் ஒழுங்கை முழுக்கத் தெரியும். தனிமை வேண்டும் என்பவர்களுக்கு மூச்சு முட்டும். எனக்கே சில நாள் முட்டியது.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை யாராவது கோணேசர் கோயிலுக்கு அழைத்தால் வேலை இருக்கிறது என்று நழுவாதீர்கள், அடுத்த வாரமும் அழைப்பார்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் நுழைந்துதான் மேலே ஏற வேண்டும். அர்ச்சனைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், வாழைப்பழ வாசனை பட்டால் அங்கே திரிகிற புள்ளிமான்கள் விடாது.