மழையில் ரப்பர்ப் பால் வெட்டுவார்களா?

வணக்கம் ஐயா,

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். முன்பு அது ரப்பர்த் தோட்டம். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) வரை படித்தேன், கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பட்டணத்துப் பொது நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் புத்தகக் கலந்துரையாடல் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பத்துப் பேர் வருவார்களாம், ஒன்றரை மணி நேரமாம். அடுத்த மாதம் ஒரு தோட்ட நாவல், 380 பக்கம். நூலகத்தில் இருப்பது இரண்டே பிரதி, இரண்டு வாரத் தவணை. படிக்கப் பிடிக்கும், ஆனால் நாலு பேர் முன் பேசிப் பழக்கமில்லை. ஆசிரியர்கள் எல்லாம் வருகிற இடத்தில் நான் என்ன பேசுவது? எப்படித் தயாராவது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். ஆனால் முதலில் புத்தகம் கைக்கு வரவேண்டும். இரண்டு பிரதி, இரண்டு வாரத் தவணை, கையில் நான்கு வாரம். கணக்குப் போட்டால் நான்கு பேர்தான் படித்திருப்பார்கள். மற்ற ஆறு பேர் கதைச்சுருக்கம் கேட்டுவிட்டு வருவார்கள். அதனால் மைகார்டை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் உறுப்பினராகி, பெயரைப் பதிந்துவையுங்கள். வேறு கிளையிலிருந்து ஒரு பிரதி வரவழைக்க முடியுமா என்றும் முகப்பில் கேளுங்கள், கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள். நாளுக்கு 30 பக்கம் என்றால் 13 நாளில் முடியும். இரவு ஷிப்ட் வாரத்தில் புத்தகத்தை எடுக்காதீர்கள், தவணை வீணாகும்.

நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு வேண்டாம், மூலை மடிக்கவும் வேண்டாம். பழைய நாள்காட்டித் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து ஆறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அத்தியாய எண், பக்க எண், அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொல், உங்கள் கேள்வி. பக்க எண் மட்டும் எழுதினால் வேறு பதிப்பு வைத்திருப்பவர் தேடிக்கொண்டே இருப்பார், அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அழகான வரிக்கெல்லாம் துண்டு வைக்காதீர்கள். எங்கே நம்பமுடியாமல் நின்றீர்களோ, எங்கே கொட்டாவி வந்ததோ, அங்கே வையுங்கள்.

என்ன பேசுவது என்கிறீர்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நாவலில் கொட்டும் மழையில் கதாநாயகி ரப்பர் மரம் சீவிக்கொண்டிருக்கிறாள், கண்ணீரும் பாலும் மழையும் கலக்கின்றன என்று வையுங்கள். மேடைப் பேச்சாளர் அந்தப் பத்தியை உருகி உருகி வாசிப்பார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு முதலில் வரும் கேள்வி, மழையில் யார் பால் வெட்டினார்கள் என்பது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரத்தில் பரவி வழியும், மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) மழைத்தண்ணீர் நிறையும். அதனால்தான் மழைநாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பலருக்கு அன்றைய கூலியும் இல்லை. ஆக அந்தக் காட்சியின் உண்மையான துயரம் மழையில் நனைவதில் இல்லை, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வெறுங்கையோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்புவதில் இருக்கிறது. ஆசிரியர் அதைத் தவறவிட்டாரா, இல்லை தெரிந்தே மாற்றினாரா? மரத்தில் மழைக்காப்பு (வெட்டுக்கோடு நனையாமல் தடுக்கும் மறைப்பு) கட்டிய காலத்துக் கதை என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் கதை நடக்கும் வருடம் எது என்று எல்லோரும் புத்தகத்தைப் புரட்டுவார்கள். இதற்குப் பட்டம் எதற்கு?

இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. தோட்ட நாவல் என்றால் "எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் தண்டல் (மேற்பார்வையாளர்) கதை, அதற்கடுத்தவர் கிராணி (தோட்டத்து எழுத்தர்) கதை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் புத்தகம் மேசையில் மூடியபடி கிடக்கும். நினைவைச் சொல்லுங்கள், சொன்ன கையோடு "ஆனால் பதினொன்றாம் அத்தியாயத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

இன்னொரு தொல்லை நம் கூட்டப் பழக்கம். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை இல்லாமல் நமக்குக் கை நடுங்கும். 90 நிமிடத்தில் கதைச்சுருக்கம் 30, இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு 15 என்றால், மீதி எட்டுப் பேருக்கு ஆளுக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. நீங்கள் புதியவர், தடுக்க முடியாது. முதல் அரைமணிக்குள் ஒரு துண்டை எடுத்துக் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். தாமதித்தால் வாய் திறக்க மனம் வராது. கேள்வி என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், கருத்து என்றால் சில ஆசிரியர்கள் திருத்த வந்துவிடுவார்கள்.

படித்து முடியவில்லையா? "இருநூறாம் பக்கம் வரை வந்தேன்" என்று சொல்லிவிட்டு அதுவரை பேசுங்கள். முடிவை மறைக்கச் சொல்லாதீர்கள், அது மற்றவர்களுக்குத் தொந்தரவு.

சனிக்கிழமையை அவர்கள் நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. மூடா ஆற்றுக்கு அப்பால் பினாங்கில் சனி, ஞாயிறு. இரண்டு பக்கத்தாரும் வரக்கூடிய நாள் அது ஒன்றே. வருகைப் பதிவில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள், ஆள் எண்ணிக்கை தெரிந்தால்தான் நூலகத்தாரிடம் அறையைத் தொடர்ந்து கேட்கமுடியும். நூலகர் எட்டிப்பார்த்து என்ன புத்தகம் என்று விசாரித்தால் சொல்ல, மலாயில் இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும்.

அடுத்த புத்தகம் எது என்று கேட்கும்போது, பிரதி இல்லாத நாவலுக்குப் பதில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைச் சொல்லிப்பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை, கொஞ்சம் நீண்ட சிறுகதை, இரண்டு மாலையில் படித்துவிடலாம். நம் ரப்பர்த் தோட்டத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதே ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் போதும். அவர் 1948-ல் காலமானார். மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரைதான் காப்புரிமை. ஆகவே பத்துப் பிரதி அச்செடுத்தாலும் கேள்வியில்லை. எழுத்தை மட்டும் 14 அளவுக்குப் பெரிதாக்கி எடுங்கள், கண்ணாடியை வீட்டில் மறந்து வருபவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள்.