பாடகர் குழு நோட்டும் நான் கேட்காத ஒரு கேள்வியும்

கேள்வி: சபையில் ஒருவர் விதியை மீறினாலும் இரக்கத்தோடு பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்படியே போனால் ஒழுங்கு என்ன ஆவது?

இதே கேள்வியைக் கேட்கிற ஆளாகத்தான் நானும் பல வருடம் இருந்தேன்.

எங்கள் சபைப் பாடகர் குழுவின் வருகை நோட்டு என்னிடம் இருந்தது. தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராதவர் அந்த மாதம் ஆராதனையில் பாடக் கூடாது. விதியைப் போட்டது நான் இல்லை, ஆனால் சொந்தச் சொத்து போலக் காப்பாற்றினேன். ஒரு அக்கா மூன்று வாரம் வரவில்லை. நான்காவது வாரம் அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். பக்கத்தில் போய், "இந்த மாசம் நீங்க பாட முடியாதுக்கா" என்றேன். "சரி தம்பி" என்றவர் அங்கியைக் கழற்றி, நிதானமாக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் மடித்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்தது எனக்குத் தெரியாது என்று எழுதினால் என் மானம் கொஞ்சம் மிஞ்சும். தெரியும். விதி கையில் இருந்ததால், "வீட்டில் எப்படி இருக்கிறார்?" என்று கேட்காமல் தப்பித்துக்கொண்டேன். கேட்டால் பதிலுக்கு நிற்க வேண்டும், அப்புறம் ஏதாவது செய்யவும் வேண்டியிருக்கும்.

பைபிளில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் யூதர்களின் ஜெப ஆலயத் தலைவர் ஒருவர் வருகிறார். 18 வருடமாக நிமிர முடியாதிருந்த பெண்ணை, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் இயேசு குணமாக்கியதும் அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தை இயேசுவிடமும் காட்டவில்லை, அந்தப் பெண்ணிடமும் காட்டவில்லை. ஜனங்களைப் பார்த்து, "வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகிக்கொள்ளுங்கள்" என்கிறார். படிக்கும்போதெல்லாம் கையில் நோட்டோடு நானே நிற்பது போல இருக்கும். நியாயமாகத்தானே பேசுகிறார்? 18 வருடம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டாளா?

இயேசு ஓய்வுநாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளைக் கட்டிலிருந்து அவிழ்க்க வேண்டாமா என்று கேட்கிறார். அதாவது விதியில் விலக்கு ஏற்கெனவே இருந்தது, மாட்டுக்கு. தாகத்தில் நிற்கிற மாட்டை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். "பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வரியை மத்தேயுவில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொல்வதும் இப்படி விதியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம்தான்.

சரி, ஒழுங்கு. இரக்கம் என்றால் கண்டும் காணாமல் விடுவது இல்லை. சபைப் பணத்தில் கை வைத்தவரை மன்னிக்கலாம், கணக்குப் புத்தகத்தை மறுபடி அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. அடி வாங்குகிற மனைவியிடம் "பொறுத்துப் போம்மா, அவருக்காக ஜெபம் பண்ணு" என்று அனுப்பிவைப்பதைப் பலர் இரக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. குடும்பம் பிரியக் கூடாது என்ற விதிதான் அங்கே இரக்கத்தின் அங்கியைப் போட்டுக்கொண்டு பேசுகிறது. முதலில் பார்க்க வேண்டியது அடிபட்டவளை. சபை தண்டனை கொடுத்த பிறகும் அப்போஸ்தலர் பவுல் ஆளை மறக்கவில்லை: கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் (2 கொரிந்தியர் 2), தண்டனை பெற்றவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று எழுதுகிறார்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று பயிற்சி விதியும் இருக்கிறது, பயிற்சி இல்லாமல் நாலு குரல் சேராது. இப்போது யாராவது இரண்டாவது வாரம் வராவிட்டாலே போன் செய்துவிடுகிறேன், பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்காக அல்ல.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. "அதை விடுங்க தம்பி" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.