யூதப் பள்ளியில் மகளுக்கு வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா?

நேற்று போனில் நீங்கள் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. "சார், யூதப் பள்ளின்னா அந்தப் பிள்ளைங்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பாங்க, நம்ம பொண்ணும் அதைச் சொல்லிக்கொடுக்கணுமா?" என்றுதான் ஆரம்பித்தீர்கள். அப்புறம் சம்பளம். கடைசியாக, "நாளைக்கு வேற பள்ளிக்கு மாறணும்னா இந்த அனுபவத்தை மதிப்பாங்களா" என்ற பயம். கிட்டத்தட்ட அதே வரிசையில் சொல்கிறேன்மா.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது மூன்றாம் வகுப்புப் பொதுப்பாட ஆசிரியை வேலை. கணக்கு, ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல், அவ்வளவுதான். மதப் பாடத்துக்கும் ஹீப்ருவுக்கும் தனி ஆசிரியர்கள் இருப்பார்கள், அதை உங்கள் மகள் தலையில் கட்ட மாட்டார்கள். பொதுப்பாடத்துக்கு யூதரல்லாதவர்களை எடுப்பது அமெரிக்காவில் இந்த வகைப் பள்ளிகளில் சகஜமான விஷயம். பள்ளிகளும் ஒன்றிரண்டு இல்லை. 2018-19 கல்வியாண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 906 யூத முழுநேரப் பள்ளிகள், ஏறத்தாழ 2,92,000 பிள்ளைகள். அதில் பெரும்பங்கு நியூயார்க்கிலும் நம் நியூ ஜெர்சியிலும்தான். ஆசிரியப் படிப்பு முடித்துவிட்டு இந்தப் பக்கம் வேலை தேடுகிறவர்கள் இவ்வளவு பெரிய வாசலைக் கவனிக்காமலே போவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

சரி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? அங்கே பள்ளி நாளே இரட்டை நாள். ஒரு பாதி ஹீப்ருவும் மறைநூலும், மறு பாதி மற்ற பள்ளிகளில் உள்ள அதே பாடங்கள். இரண்டையும் திணிக்க வேண்டியிருப்பதால் பள்ளி நேரம் பக்கத்து அரசுப் பள்ளியைவிட நீளமாகத்தான் இருக்கும். காலையில் பிரார்த்தனை, அதை ஹீப்ருவிலேயே பாட்டாகப் பாடுவார்கள். முதல் வகுப்பில் எழுத்து: 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக. உயிரொலிகளைக் காட்ட எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் புள்ளியும் கோடும் போட்டிருப்பார்கள், அவர்கள் மறைநூலான தோராவின் சுருளில் அந்தப் புள்ளிகளும் இருக்காது, படிக்கிறவர்தான் தெரிந்து படிக்க வேண்டும். (நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.) படிக்க ஓரளவு வந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு விழா நடத்தி ஆளுக்கொரு பிரார்த்தனைப் புத்தகம் கொடுப்பார்கள். அதன் பெயர் சித்தூர். ஆந்திரா சித்தூர் இல்லை, உங்கள் மகளிடமும் சொல்லிவையுங்கள், இன்டர்வியூவில் சிரித்துவிடப் போகிறாள்.

இரண்டாம் வகுப்பு வாக்கில் ஹுமாஷ், அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். பல பள்ளிகளில் ஆபிரகாம் தன் ஊரை விட்டுக் கிளம்பும் இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மனப்பாடம் செய்துவிட்டு எழுந்து போகிற கதை இல்லை. போன வருஷம் வேறொரு பெண்ணுக்காக ஒரு பள்ளியில் அரை நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் மூன்று கலர் பென்சில்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லிலும் முன்னொட்டுக்கு ஒரு நிறம், பின்னொட்டுக்கு ஒரு நிறம், நடுவில் மிஞ்சும் மூன்றெழுத்து வேருக்கு ஒரு நிறம் என்று தீட்டிக்கொண்டிருந்தான். கோத்தேவ் என்றால் எழுதுகிறான், மிக்தாவ் என்றால் கடிதம், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாம் ஆறாம் வகுப்பில் பகுதி, விகுதி, இடைநிலை என்று முக்கி முனகியதை அந்தப் பொடியன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஜாலியாகச் செய்கிறான்.

அப்புறம் மூன்றாவது, நான்காவது வாக்கில் ரஷி வருவார். பிரான்சின் துருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த உரையாசிரியர். குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, தோராவுக்கு இவர் அப்படி. அவர் உரையை அச்சிடுவதற்கென்றே தனி எழுத்து வடிவம் உண்டு, பிள்ளைகள் அதையும் புதிதாகக் கற்க வேண்டும். உரையை வாசித்ததும் ஆசிரியை கேட்கிற கேள்வி இதுதான்: "ரஷிக்கு இங்கே என்ன உறுத்தியது?" அவர் என்ன சொன்னார் என்பது போதாது, எதைப் பார்த்து அவர் நின்றார், எதற்காக அங்கே உரை எழுதினார் என்பதைப் பிள்ளை சொல்ல வேண்டும். எட்டு ஒன்பது வயதில் இந்தப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளைகள் மதியம் உங்கள் மகளின் கணக்கு வகுப்பில் வந்து உட்காரும்போது, ஏன் எதற்கு என்று குடைந்து எடுத்துவிடுவார்கள். பாஸ்கா என்ற அவர்கள் பண்டிகை விருந்தில் வீட்டின் கடைக்குட்டிதான் எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் மரபு. "கேள்வி கேட்காம உட்காரு" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அங்கே கொஞ்சம் கஷ்டம்.

மேல் வகுப்புகளில் மிஷ்னா. கி.பி. 200 வாக்கில் தொகுத்த சட்டத் தொகுப்பு. கேட்டால் பெரிய விஷயம் போல இருக்கும், உள்ளே பார்த்தால் தெருச் சண்டை. சிதறிக் கிடக்கும் காசைக் கண்டெடுத்தால் உனக்கு, பையோடு கிடந்தால் ஊருக்கு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். இரண்டு பேர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு இருவருமே "முழுசும் என்னுது" என்றால், சத்தியம் செய்துவிட்டு ஆளுக்குப் பாதி. ஒருவன் "முழுசும் என்னுது", மற்றவன் "பாதி என்னுது" என்றால்? முதல் பாதியில் தகராறே இல்லை, அது முதலாமவனுக்கு. தகராறில் இருக்கும் மறுபாதியை இரண்டாக வெட்டினால் அவனுக்கு முக்கால், இவனுக்குக் கால். இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பண்டிகை, நாட்காட்டி எல்லாமே பாடம்தான். அவர்களுடையது சந்திர மாதக் கணக்கு, 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் விடுமுறை கொட்டும், ஒரு வாரம் உருப்படியாக ஓடாது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் விட்டுவிடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம், சூரியன் மறைவதற்குள் ஷப்பாத்துக்கு, அதாவது அவர்களுடைய வார ஓய்வு நாளுக்கு, வீடு போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு லீவு வேண்டுமென்றால் முன்னாடியே கேட்டுக்கொள்ளட்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். நாம் சைவம்தானே, பிரச்சினை இருக்காது என்று நினைக்காதீர்கள். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடத்தும் பள்ளியில் நம் வீட்டுத் தயிர்சாதமும் உள்ளே வர முடியாமல் போகலாம், ஏனென்றால் சமைத்த பாத்திரமும் கணக்கு. எதைக் கொண்டுவரலாம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய மரபைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பிரிவின் பள்ளி என்றால் பெண் ஆசிரியைகளுக்கு முழங்காலை மூடும் பாவாடை, முழங்கை வரை கை என்று உடை விதியும் இருக்கும். அது உங்களுக்கு ஒன்றும் புதிதில்லை!

இனி நிஜமாகவே யோசிக்க வேண்டியவை. யூதப் பள்ளி என்ற பெயரில் எல்லாமே ஒன்றில்லை. ஆர்த்தடாக்ஸ், அதைவிடக் கொஞ்சம் தளர்வான கன்சர்வேடிவ், எல்லாப் பிரிவுக்கும் பொதுவான சமூகப் பள்ளி என்று பல வகை. நியூயார்க்கில் ஆர்த்தடாக்ஸிலேயே மிகக் கட்டுப்பாடான ஹசிதியப் பிரிவின் சில ஆண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் மிகக் குறைவாகவே நடக்கின்றன என்று வருஷக்கணக்கில் வாக்குவாதம் ஓடி, 2022 செப்டம்பரில் மாநில அரசு புதிய விதிமுறையே கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே "பொதுப்பாடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்பதுதான் உங்கள் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பிள்ளைகள் களைத்துப் போன பிறகு மதியம் மட்டும்தான் என்றால் அது வேறு வேலை, காலையும் மதியமும் கலந்து வந்தால் வேறு வேலை.

சம்பளம் அரசுப் பள்ளியைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள் என்றீர்கள். அதைவிட முக்கியமானது, மாநில ஆசிரியர் ஓய்வூதியம் இதில் கிடையாது. தனியார் பள்ளிக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால் "அது எதுக்கு" என்று சான்றிதழ் வேலையைப் பாதியில் விட்டுவிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் மாறலாம் என்ற எண்ணம் துளி இருந்தாலும் அதை விடவே கூடாது. இங்கே போகும் வருஷங்களை அனுபவமாக எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று, அவள் பின்னால் போக நினைக்கும் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கிரீன் கார்டு இருப்பதால் விசாத் தலைவலி இல்லை, அதுவே பெரிய நிம்மதி.

என்னைக் கேட்டால், பொதுப்பாட நேரம் ஒழுங்காக இருந்தால் இரண்டு வருஷம் போகட்டும் என்பேன். சான்றிதழ் வேலை பக்கத்தில் ஓடட்டும்.

டெமோ வகுப்பு பின்னத்தில்தானே கேட்டிருக்கிறார்கள்? பீட்சா படத்தை வெட்டுவது வேண்டாம், வருகிற எல்லோரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். உங்கள் பழைய துப்பட்டா ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கட்டும், ஒருத்தி முழுசும் கேட்கட்டும், மற்றவள் பாதி கேட்கட்டும். மிஷ்னா என்ற பேச்சையே அவள் எடுக்க வேண்டாம், மேல் வகுப்பு அண்ணனோ அக்காவோ வீட்டில் உள்ள ஏதாவது ஒரு குழந்தை எடுத்துவிடும். டெமோ எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள், இரண்டு மணிக்கு மேல் என்றால் பாடத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.