செருப்புக் கடைக்காரர் பதில்கள்: ஃபர்ஸ்ட் காப்பியில் தொடங்கி கண்டாங்கியில் போய் நின்றது

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை, அப்புறம் காரைக்குடியில் சொந்தச் செருப்புக் கடை. இதுதான் என் அனுபவம். செருப்பு, ஷூ பற்றிக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன். துணி பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். படத்தை அனுப்பி "ஒரிஜினலா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, போனில் ஒரு விளம்பரம். 9,000 ரூபாய் பிராண்ட் ஷூ 1,499க்குத் தருகிறார்களாம். கஸ்டம்ஸில் பிடித்த சரக்காம். எல்லா சைஸும் இருக்கிறது, பணம் முழுக்க முன்னாடியே அனுப்ப வேண்டும். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. விலையைக்கூட விடு, "எல்லா சைஸும் இருக்கிறது" என்கிறார்கள் பார், அங்கேதான் மாட்டுகிறார்கள். நிஜமாகவே மிஞ்சின சரக்கு என்றால் சைஸ் உடைந்துதான் கிடக்கும். ஆண்கள் ஷூவில் 7, 8, 9 முதலில் போய்விடும். 6, 10, 11 தேங்கும். ஆடித் தள்ளுபடிக்கு நான் வெளியே எடுத்து வைக்கிற ஜோடிகளை வந்து பார், உன் சைஸ் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். 80 சதவீதத் தள்ளுபடியில் எல்லா நிறமும் எல்லா சைஸும் அடுக்கி வைத்திருக்கிறான் என்றால் அது மிஞ்சினது இல்லை, புதிதாக அடித்தது. ஷூவே வராமலும் போகலாம். கஸ்டம்ஸ் கதையும் ஒத்துவராது. பறிமுதல் சரக்கை ஏலம்தான் விடுவார்கள், ஜோடி ஜோடியாகப் போனில் விற்க மாட்டார்கள்.

கைக்கு வந்த ஷூ என்றால் பெட்டி ஸ்டிக்கரில் இருக்கிற மாடல் எண்ணும் ஷூ நாக்குக்கு உள்ளே தைத்த லேபிள் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நைக்கியில் ஆறு இடம், ஒரு கோடு, அப்புறம் மூன்று எண். அதைத் தேடினால் அதே மாடல், அதே நிறம் வர வேண்டும். வேறு எதுவோ வந்தால் போலி. சரியாக வந்துவிட்டால் ஒரிஜினல் என்று குதிக்காதே, எண்ணையும் சேர்த்தேதான் காப்பி அடிக்கிறார்கள். "7ஏ", "மிரர்", "ஃபர்ஸ்ட் காப்பி" எல்லாம் போலிக்கு அவர்களே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

தேவகோட்டை: (ஷூ படம்) ஒரிஜினலா சார்?

படத்தில் தெரியாது.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஷூ. நாலு வருடமாக இரண்டாங்கட்டு அறையில் பெட்டியோடு பத்திரமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டுப் போனால் அடி உதிர்ந்து பந்தியெல்லாம் கறுப்புத் தூள். சிங்கப்பூரிலும் போலி விற்கிறார்களா?

போலி இல்லை ஆச்சி. பத்திரமாக வைத்ததுதான் வினை. அந்த அடி பியூ, அதாவது பாலியூரித்தேன். லேசாக, மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அதற்குள் இறங்கி, பொருளின் பிணைப்பையே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டு நடந்தால் அழுத்தத்தில் ஈரம் வெளியேறும், அதனால் நாள் தாங்கும் என்பார்கள் தொழிலில். பூட்டி வைத்தால் வெளியே பளபளப்பு, உள்ளே மாவு. அசல் பிராண்டுக்கும் இதே கதிதான். என் கடைக்கு இப்படி வருகிறவர்கள் எல்லோரும் "ஏமாத்திட்டான்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

தள்ளுபடியில் ஷூ வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதம், வருடத்தைப் பாருங்கள். மூன்று வருடப் பழசு, பியூ அடி என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். ரப்பர் அடிக்கு இந்த அளவு பயமில்லை. உங்கள் ஷூவின் மேல்பாகம் நன்றாக இருந்தால் புது அடி ஒட்டித் தைத்துத் தருவார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கண்டனூர்: ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் ஒரிஜினல்தானே?

இல்லை, அது தரத்துக்கு. 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான காலணிகளுக்குக் கட்டாயம், சிறு தயாரிப்பாளர்களுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தருகிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும்.

புதுவயல்: வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுப்பதுதான். அதில் என்ன பயம்?

பார்சலைப் பிரிக்கும் முன்னாலேயே பணம் கைமாறிவிடுகிறதே. உள்ளே பழைய செருப்பு இருந்தாலும் கொண்டுவந்த பையன் என்ன செய்வான்? பிரிப்பதை வீடியோ எடுங்கள். இன்னொன்று, ஏமாந்த பிறகு கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைக்கிற எண்ணுக்குப் பேசாதீர்கள். முதல் திருடன் விட்டதை எடுக்க இரண்டாம் திருடன் அங்கே காத்திருப்பான். பணம் *வாங்க* யூபிஐ பின் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் போனை வையுங்கள்.

காரைக்குடி: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அடித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் வார் அறுந்துவிட்டது.

பில் இருக்கிறதே, பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்குதான். கடையில் பேசிப் பாருங்கள், மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று கொண்டு போனால் இது செல்லாது. பில் இல்லாமல் இருபது ரூபாய் குறைகிறதே என்று வாங்குகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள்.

கோட்டையூர்: (ஷூ படம்) இது?

தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதுதான்.

காரைக்குடி: திங்கள் சந்தையில் திருப்பூர் எக்ஸ்போர்ட் டீ-சர்ட், 150 ரூபாய். நம்பலாமா?

எக்ஸ்போர்ட்டோ இல்லையோ, 150க்குத் துணி நன்றாக இருந்தால் எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் விடுங்கள். கைக்குட்டையை நனைத்து உள்பக்கம் தேயுங்கள், சாயம் அதில் ஒட்டினாலும் விடுங்கள். சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். சந்தையில் பில் கிடைக்காதுதான். ஆனால் அடுத்த திங்களும் அதே ஆள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார், அதுவே பில்.

கானாடுகாத்தான்: அரண்மனை பார்க்க வந்த தோழி 'கண்டாங்கி' என்று 450க்குச் சேலை வாங்கினாள். அசலா?

மாமனார் வீட்டில் தறி இருந்ததால் சொல்கிறேன், கைத்தறியில் அந்த விலை கட்டாது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதாவது ஊரோடு சேர்ந்த அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். கரையில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று வீடியோவில் சொல்வதை நம்பாதீர்கள், விசைத்தறியிலும் துளை விழும்.

காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர்: அண்ணே, அந்தச் சேலை நானும் விற்கிறேன். கட்டம், அரக்கு, கடுகு மஞ்சள், அகலக் கரை. எல்லோராலும் கைத்தறி வாங்க முடியுமா?

விற்பதில் தப்பே இல்லை. பில்லில் என்ன எழுதுகிறீர்கள்?

ஜவுளிக்கடைக்காரர்: 'கண்டாங்கி காட்டன்'.

அப்போது 'ஃபர்ஸ்ட் காப்பி' விற்கிறவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? வணிகச் சின்னச் சட்டமும் 1999, புவிசார் குறியீட்டுச் சட்டமும் 1999. பொய்ப் பெயரில் விற்றால் இரண்டிலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

ஜவுளிக்கடைக்காரர்: எங்கள் அப்பத்தா கட்டின சேலை. அந்தப் பேருக்கு இப்போது சொந்தக்காரர் வந்துவிட்டாரா?

பள்ளத்தூர் ஆச்சி: உங்க அப்பத்தா கட்டினது துவைக்கத் துவைக்க மெத்தென்று வரும். நீங்க விக்கிறது இடுப்பிலேயே நிக்கலை, வழுக்குது.

ஆச்சி சொன்னதைச் சோதித்துவிடலாம். ஓரத்தில் ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பெயர் எல்லோருக்கும் சொந்தம்தான், அந்தத் துணியை அந்தத் தறியில் நெய்கிற எல்லோருக்கும்.

ஜவுளிக்கடைக்காரர்: அப்போது உங்கள் கடை வெள்ளைக் கேன்வாஸ் மட்டும்? பிராண்ட் மாதிரியேதானே இருக்கிறது?

இருக்கிறது, 399 ரூபாய். லோகோ இருக்கிறதா என்று வந்து பாருங்கள். வெறும் வெள்ளைக் கேன்வாஸ் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், அடுத்தவன் பெயரைத்தான் ஒட்டக் கூடாது.

செக்காலை: (ஷூ படம்)

கேள்விகூட இல்லையா இப்போது?

கொத்தமங்கலம்: அப்பாவுக்குச் செருப்பு. எப்போது கூட்டி வரலாம்?

சாயங்காலம். நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளவு பார்த்தால் பிறகு கடிக்காது. இரண்டு காலிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடைக்காரர்: சரி அண்ணே, 'கண்டாங்கி டிசைன்' என்று எழுதினால்?

வக்கீலைக் கேளுங்கள். 'கட்டம் போட்ட காட்டன் சேலை' என்று எழுதினால் வக்கீல் தேவையில்லை. முதலில் இழையைக் கொளுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.