வேலைக்குப் போகும் வேனில் ஒருவருக்குக் கோவிட்: டெட்டாலை விடுங்கள், சன்னலைத் திறந்துவிடுங்கள்

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்துக்கு வேனில் போய் வருகிறார், கூடப் போகும் ஒருவருக்குக் கோவிட் என்று நேற்றுத் தெரிந்திருக்கிறது. வீட்டில் 70 வயது தாண்டிய மாமியார், இனிப்புநீர் (நீரிழிவு) வேறு, ஹாலில்தான் படுக்கை. "அவர் வந்ததும் சட்டை, சாப்பாட்டுத் தூக்கு, சில்லறைக் காசு வரைக்கும் டெட்டால் போட்டுத் துடைக்கிறேன், போதுமா டாக்டர்?"

போதாதும்மா. பாடுபடுவதெல்லாம் சரி, ஆனால் கிருமி வருகிற வழி அது இல்லை.

கொரோனா ஒரு கிருமியல்ல, பெரிய குடும்பம். மனிதர்களைப் பிடிப்பவை என்று தெரிந்தவை 7, அதில் 4 வெறும் சளி, தொண்டைக் கரகரப்போடு விட்டுவிடும். நுரையீரல் வரை போய்த் தாக்கும் மற்ற மூன்றுதான் 2002-ல் தலைகாட்டிய சார்ஸ், 2012-ல் மெர்ஸ், 2019-ல் வந்த கோவிட். (1998-99-ல் நம் மலேசியப் பன்றிப் பண்ணைகளைக் காலி செய்த நிபா என்ற கிருமி இந்தக் குடும்பமே இல்லை, இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) இந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு, சாதாரண சவர்க்காரமே அதைக் கிழித்துவிடும், அதனால் கையை 20 விநாடி நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், காசைக் குளிப்பாட்ட வேண்டாம். தொட்டதால் ஒட்டுவது நடக்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் பரவுவது மூச்சுக் காற்றில். இருமினால் மட்டுமில்லை, பேசும்போதும் நுண்ணிய துளிகள் வெளியே வந்து, கதவடைத்த அறையில் போட்ட சாம்பிராணிப் புகை மாதிரி நெடுநேரம் மிதக்கும்.

இப்போது அந்த வேனை யோசியுங்கள். காலையில் குளிர் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டு போகிறார்கள். ஏர்கோன் இருந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பச் சுற்றவிடும். மழையானாலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் நான்கு விரல் இறக்கிவைக்கச் சொல்லுங்கள். முகக்கவசம் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், என்95 கிடைத்தால் நல்லது, தாடையில் தொங்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீட்டில் ஒரு வாரத்துக்குக் கணவர் தனியாகச் சாப்பிட்டுத் தனி அறையில் படுக்கட்டும். லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்றால், மாமியாரை உள் அறைக்கு மாற்றிவிட்டுக் கணவர் ஹாலில் சன்னலோரம் படுக்கலாம். காற்றாடியை அவர் பக்கமிருந்து மாமியார் பக்கம் வீசுகிற மாதிரி வைத்துவிடாதீர்கள், சன்னலைப் பார்க்கத் திருப்புங்கள். கொசு வரும் என்று சன்னலைச் சாத்தாமல் வலை அடியுங்கள். வாசலில் வேப்பிலை கட்டுவதும் ரசம் வைப்பதும் உங்கள் இஷ்டம், ரசம் தொண்டைக்கு இதம், கிருமியைத் தடுக்காது.

அப்புறம் கணவருக்குக் கோவிட் சோதனை. இன்றைக்கு நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். பாசிட்டிவ் என்றால் குறைந்தது 5 நாள் வேலைக்குப் போகக் கூடாது. சம்பளம் போகும் என்று காய்ச்சலை மறைத்துப் போகிறவர்களை எனக்குத் தெரியும், கோபப்படவும் முடியவில்லை, ஆனால் கிளினிக்கில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக் கொடுப்பதுதான் வழி.

மாமியாருக்கு இலேசாக இருமல் வந்தாலும் அன்றே சோதனை செய்யுங்கள். பாசிட்டிவ் என்றால் காத்திருக்காமல் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) அழைத்துப் போங்கள். கோவிட் கிருமியை அடக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். அது கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது, அதனால் அவர் சாப்பிடும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மூச்சு வாங்கினாலோ ஆள் குழப்பமாகப் பேசினாலோ நேரே 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.