நடாலும் ஹார்ட் கோர்ட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்னிஸ் வீரர் நடாலின் 22 கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் 14 பாரிஸ் களிமண்ணில், பிரெஞ்சு ஓபனில் வந்தவை. அதைக் கழித்தால் மிஞ்சுவது எட்டு. கெட்டித் தரையான ஹார்ட் கோர்ட்டில் வெறும் ஆறுதான். ஆண்டிறுதிப் போட்டியான ஏடிபி ஃபைனல்ஸ் ஒருமுறைகூட இல்லை, மியாமி பட்டமும் இல்லை. ஹார்ட் கோர்ட் ஆட்டக்காரராக அவரை எங்கே வைப்பீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

சில நாட்களாக நானும் இதே நினைப்பில்தான் இருந்தேன். என் முழங்கால்தான் காரணம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கழித்தல் கணக்கை விடுங்கள். பழைய சாம்பியன் சாம்ப்ராஸின் 14 பட்டங்களில் ஏழு விம்பிள்டன். அதைக் கழித்துவிட்டா அவரை எடை போடுகிறோம்? ‘வெறும் ஆறு’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மெல்போர்னில் (ஆஸ்திரேலிய ஓபன்) இரண்டு, நியூயார்க்கில் (யு.எஸ். ஓபன்) நான்கு. அகாசி ஹார்ட் கோர்ட்டில் வென்றதும் ஆறுதான். சாம்ப்ராஸ் ஏழு. ஃபெடரர் 11, ஜோகோவிச் 14. இந்த வரிசையில் அகாசியின் பக்கத்தில் வையுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கமும் ஹார்ட் கோர்ட்டில் வந்ததுதான், அதை மறந்துவிட்டீர்கள்.

ஏடிபி ஃபைனல்ஸ் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். மியாமியில் ஐந்து முறை இறுதிக்கு வந்து ஐந்திலும் தோற்றார். சரி, அது கிடக்கட்டும்.

நீங்கள் அந்தத் தரையில் ஆடியதுண்டா? நான் பத்து வருடம் ஆடினேன். களிமண்ணில் பந்துக்கு ஓடினால் கடைசி இரண்டடியைச் சறுக்கியே கடந்துவிடலாம். ஹார்ட் கோர்ட்டில் ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. அந்த வேகம் மொத்தத்தையும் முழங்கால்தான் வாங்க வேண்டும். (ஜோகோவிச் அங்கேயும் சறுக்குவார். அந்தக் கணுக்கால் எல்லோருக்கும் வாய்க்காது.) ஒரு மாலை ஓரத்துப் பந்துக்கு ஓடிப்போய் வலது காலை ஊன்றினேன். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. பந்து திரும்பிப் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. நான் எழவில்லை. பார்த்த மருத்துவர் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடிவதில்லை.

ஓடி ஓடி எடுப்பதுதான் நடாலின் ஆட்டம். 2012 மெல்போர்ன் இறுதியில் 5 மணி 53 நிமிடம் அந்தத் தரையில் ஓடித் தோற்றார். பரிசளிப்பின்போது நிற்க முடியாமல் தவித்த அவருக்கும் ஜோகோவிச்சுக்கும் நாற்காலி போட்டார்கள். உங்கள் கணக்கில் அந்த இரவு பூஜ்யம். ஹார்ட் கோர்ட் கிராண்ட்ஸ்லாம்களில் அவர் தோற்ற இறுதிகள் ஐந்து, ஐந்தும் பூஜ்யம். எனக்கு அப்படி எண்ணத் தெரியவில்லை. முழங்கால் வலியால் ஏழு மாதம் ஒதுங்கியிருந்து 2013-ல் திரும்பியவர், இண்டியன் வெல்ஸ், மாண்ட்ரியல், சின்சினாட்டி, நியூயார்க் என்று ஹார்ட் கோர்ட் போட்டிகளை வரிசையாக வென்றார். அக்டோபர் வரை ஹார்ட் கோர்ட்டில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. உடம்பைக் கெடுக்கிறது என்று அவரே பலமுறை வெளிப்படையாகக் குறைசொன்ன தரை அது.

2022 மெல்போர்ன் இறுதியைத் தேடிப் பாருங்கள். முழுவதும் வேண்டாம், மூன்றாவது செட்டில் ஒரு கேம் போதும். முதல் இரண்டு செட் போய்விட்டது. 2-3, நடாலின் சர்வீஸ், 0-40. அவருக்கு வயது 35, இடது பாதத்தில் வருடக்கணக்காகத் தீராத எலும்புக் கோளாறு. எதிரே மெத்வெதேவ், ஏறக்குறைய பத்து வயது இளையவர். நடால் எப்போதும்போல மூக்கைத் தொட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார், ஏதோ முதல் கேம் ஆடுவதைப்போல. அந்த கேமை எதிராளி பறிக்கக் கிடைத்த மூன்று வாய்ப்புகளையும், மூன்று பிரேக் பாயிண்டையும், காப்பாற்றினார். அவர் கால் வைக்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள்.

அன்று முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ உருகி சோபாவெல்லாம் ஈரமாகியிருந்ததை, ஐந்தாவது செட் 7-5 என்று நடாலுக்கு முடிந்து எழுந்தபோதுதான் பார்த்தேன்.

அன்புடன்.